டிராக்டர் பேட்டரியில் காற்றுக் கம்ப்ரசர்: ஒயரை நீட்டுவதா, குழாயை நீட்டுவதா?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரிடம் டிராக்டரும் இரண்டு சக்கர ட்ரெய்லரும் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு கூழ் ஆலைக்குப் போகிறார். தோப்புப் பாதை முழுக்க வேலிக்காத்தான் முள். வாரம் ஒரு பஞ்சராவது ஆகிவிடுகிறது. டியூபுக்கு ஒட்டுப்போட அவருக்கே தெரியும். காற்று பிடிக்கத்தான் நாலு கிலோமீட்டர் டயரை உருட்டிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஒன்று வாங்கியிருக்கிறார். ஸ்டிக்கரில் 30 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதனுடன் வந்த ஒயர் ட்ரெய்லர் டயர் வரை எட்டவில்லை. ட்ரெய்லரின் பின்விளக்குக்குப் போகும் ஒயரிலேயே ஒரு பாயிண்ட் எடுத்து கம்ப்ரசரை அங்கே மாட்டலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. அந்த ஒயரைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வேலை அதைவிட எளிதாக முடியும். கம்ப்ரசரை டிராக்டர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, காற்றுக் குழாயை டயர் வரை நீட்டுங்கள். 12 வோல்ட் மின்சாரம் தூரம் போனால் வழியிலேயே தேய்ந்துவிடும். காற்று பத்து மீட்டர் குழாயில் போனாலும் டயருக்குள் போய்ச் சேரும்போது ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கும். இருபது வருடங்களுக்கு மேல் தர்மபுரியில் வண்டி ஒயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விஷயத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒயரை நீட்டப் போய் வந்தவைதான்.

எவ்வளவு தேய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம் தடை தரும். அந்தச் சதுர மில்லிமீட்டர் அளவு இரண்டு மடங்கானால் தடை பாதியாகும். உங்கள் பேட்டரி டிராக்டரின் முன்பக்கம் இருந்தால், அங்கிருந்து ட்ரெய்லர் சக்கரத்தைத் தாண்டி எட்டு மீட்டராவது வரும். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். ஆக மொத்தம் 16 மீட்டர். அதில் 30 ஆம்பியர் ஓட வேண்டும் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 3.3 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தாலும் கம்ப்ரசருக்குப் பத்தரைக்குள்தான் கிடைக்கும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 1.4 வோல்ட் போகும். 16 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் போட்டால்தான் இழப்பு அரை வோல்ட்டுக்கு அருகில் வரும்.

அதே கம்ப்ரசரைப் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரிலேயே இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. கடையில் விற்கும் 16 ஸ்கொயர் கேபிள் 16 மீட்டரின் விலையையும், பத்து மீட்டர் ரப்பர் குழாயின் விலையையும் கேட்டுப் பாருங்கள். அதன்பிறகு யோசிக்கவே தேவையிருக்காது.

வோல்ட் குறைந்தால் மோட்டார் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி விட்டுவிட முடியாது. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற பிஸ்டனைத் தள்ளுவதற்கு மோட்டார் அதே முறுக்கு விசையைக் கொடுத்தாக வேண்டும். அந்த விசைக்குத் தேவையான ஆம்பியரை அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வேகம் மட்டும் குறையும். வேகம் குறைந்தால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு வெளியேறாது. காற்று நிரம்ப நேரமும் கூடும். கிளம்பும்போது எல்லா மோட்டாரும் ஓடும் ஆம்பியரைப் போலப் பல மடங்கு ஒரு நொடி இழுக்கும். அந்த நொடியில் வோல்ட் விழுந்துவிட்டால் மோட்டார் சுற்றாமல் முனகிக்கொண்டு நிற்கும். அப்படி நின்ற மோட்டாரில் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்தால் சில நிமிடங்களில் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி கருகிவிடும்.

பின்விளக்கு ஒயரை ஏன் தொடக்கூடாது என்றால், அது பல்புக்காகப் போட்ட ஒயர். பிரேக் லைட் பல்பு 21 வாட், அதாவது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. ட்ரெய்லருக்குப் போகும் ஏழு முனை சாக்கெட்டில் பொதுவாக இண்டிகேட்டர், பிரேக், பின்விளக்கு, எர்த் இவைதான் இருக்கும். எப்போதும் மின்சாரம் இருக்கும் தடித்த லைன் ஒன்று தனியாக வராது. அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் வீடு மாதிரி கேரவன் இழுக்கும் வண்டிகளில் ட்ரெய்லர் பேட்டரியை சார்ஜ் செய்யவே தனி லைன் கொடுத்திருப்பார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் டிராக்டரிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. ட்ரெய்லரின் எர்த் எப்படித் திரும்பி வருகிறது? பல ட்ரெய்லர்களில் தனி எர்த் ஒயரே இருக்காது. கொக்கியும் பின்னும்தான் எர்த். அந்தப் பின்னில் கிரீஸ், துரு, மண் எல்லாம் இருக்கும். மேடு பள்ளத்தில் ஆடும்போது தொட்டும் தொடாமலும் இருக்கும். பல்பு எரிய அது போதும். 30 ஆம்பியருக்குப் போதாது. தனி எர்த் ஒயர் இருக்கும் ட்ரெய்லரிலும், கொக்கிப் பின் சரியாகத் தொடாத நேரத்தில் மொத்த மின்சாரமும் விளக்கின் அந்த மெல்லிய எர்த் ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். போகும் ஒயரும் திரும்பும் ஒயரும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் இருந்தாலும், மொத்தம் 16 மீட்டரில் 30 ஆம்பியர் ஓடினால் ஒயருக்குள் மட்டும் 160 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றரையை ஒயருக்குள் எரியவிட்டது போல. ஜாயின்ட் எங்கே லூஸாக இருக்கிறதோ அங்கே வெப்பம் குவியும்.

பாலக்கோடு பக்கம் என் தாய்மாமாவின் ட்ரெய்லரில் இதுதான் நடந்தது. கம்ப்ரசருக்காக யாரோ பிரேக் லைட் ஒயரில் ஒரு பாயிண்ட் எடுத்து, முறுக்கி, டேப் சுற்றி, பலகைக்கு அடியில் விட்டிருந்தார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடப் பெரிய ஃபியூஸாகவும் மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு வண்டியில் கேழ்வரகுத் தாள் ஏற்றியிருந்தார்கள். நின்ற இடத்தில் காற்று பிடித்துக்கொண்டிருக்கும்போது பலகைக்கு நடுவிலிருந்து புகை வந்திருக்கிறது. பக்கத்து வயலில் நாற்று விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தாளைக் கீழே தள்ளியதால் வண்டி தப்பியது. அடுத்த நாள் நான் போய்ப் பார்த்தபோது ஒயரின் மேலுறை முழுக்க உருகி இரும்போடு ஒட்டிக்கிடந்தது. அதிலிருந்து யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஃபியூஸ் போகிறது என்றால் அது ஒயரைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். அதைப் பெரிதாக்கினால் அடுத்தது ஒயர்தான் உருகும்.

சரி, இப்போது செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம்.

உங்கள் கம்ப்ரசருடன் முதலைவாய் கிளிப் இரண்டு வந்திருக்கும். அதை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினாலே போதும். முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். சிகரெட் லைட்டர் மாதிரியான சாக்கெட்டில் இதை மாட்ட வேண்டாம். அதன் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியருக்குள்தான் இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் கிளிப் மாட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதற்கு மேல் பொறி பறப்பது நல்லதல்ல. அதனால் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் கேபிளை நிரந்தரமாக இறக்கி, முனையில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் போட்டுவிடுங்கள். பேட்டரி ஆட்டோக்களில் சார்ஜ் போடும் இடத்தில் இருக்கும் தட்டையான பிளாஸ்டிக் ஜாயின்ட்தான் அது. அதே மாதிரி இன்னொன்றை கம்ப்ரசர் ஒயரின் முனையில் கிளிப்புக்குப் பதிலாகப் போடுங்கள். பாசிட்டிவ் கேபிளில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். கம்ப்ரசர் ஒயரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது கம்ப்ரசரைக் காப்பதற்கு. பேட்டரிக்கும் கனெக்டருக்கும் இடையில் கேபிள் எங்காவது உரசி இரும்பில் பட்டால் அதைத் தடுக்க அங்கே வேறு எதுவும் இல்லை. ஷார்ட் ஆகும்போது பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டிவிடும்.

கேபிள் வாங்கும்போது கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடிமன் ஒன்றாகத் தோன்றினாலும் தடை அதிகம். கேபிள் முனையில் போடும் லக்கை (உலோக வளையத்தை) சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் டூலில் அழுத்தச் சொல்லுங்கள். கேபிள் தகடுகளைத் தாண்டும் இடத்தில் ரப்பர் புஷ் போடுங்கள். போடாவிட்டால் டிராக்டர் அதிரும் அதிர்வுக்கு மேலுறை ஒரு சீசனிலேயே அறுந்துவிடும். வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். அப்படிச் செய்தால் பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

அப்புறம் குழாய். 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ரப்பர் குழாய் பத்து மீட்டர் வாங்குங்கள். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும். அதனால் முதல் அரை மீட்டருக்கு மட்டும் மேலே கம்பி பின்னிய குழாய் இருக்க வேண்டும். சுருள் சுருளாக வரும் நீல பிளாஸ்டிக் குழாயை நேராக மாட்டினால் அந்த இடத்திலேயே மெலிந்து பிதுங்கிவிடும். காற்று ஓடும்போது கம்ப்ரசர் பக்கத்து அழுத்த மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பாமல் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள்.

நேரம் எவ்வளவு ஆகும்? ட்ரெய்லரில் 9.00-16 டயர் என்றால் உள்ளே சுமார் 70 லிட்டர் இடம் இருக்கும். 70 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், காலி டியூபிலிருந்து நிரப்ப 350 முதல் 400 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். சரியான அழுத்தம் எவ்வளவு என்பதை டயரின் பக்கச்சுவரில் பார்த்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் வகைக் கம்ப்ரசரின் பெட்டியில் நிமிடத்துக்கு 70 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது எதிர் அழுத்தமே இல்லாதபோது வரும் அளவு. அழுத்தம் ஏறினால் அது இறங்கிக்கொண்டே போகும். சராசரி 50 லிட்டர் என்று எடுத்தால் எட்டு நிமிடம். காருக்கு விற்கும் பத்து ஆம்பியர் சின்ன கம்ப்ரசர் என்றால் இருபது நிமிடத்துக்கு மேலாகும், அதற்குள் சூட்டில் தானாகவே நின்றுவிடும். உங்களுடையதும் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம், எத்தனை நிமிடம் ஆற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். மே மாத வெயிலில் அந்த நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். புழுதி மண்ணில் வைக்காமல் ஒரு பலகை மேல், வண்டி நிழலில் வையுங்கள். சாயங்காலம் அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தட்டிவிட்டால் பிஸ்டன் ரிங் பல வருடம் வரும்.

பேட்டரி இறங்கிவிடுமா என்பதும் உங்கள் கவலை. எட்டு நிமிடம் 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 4 ஆம்பியர்-ஹவர்தான் (ஆம்பியரை மணிக்கணக்கால் பெருக்கினால் வருவது). டிராக்டர் பேட்டரி 75, 88 ஆம்பியர்-ஹவர் இருக்கும். நல்ல பேட்டரியாக இருந்தால் இன்ஜின் ஓடாமலேயே ஒரு டயர் நிரப்பிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யலாம். ஆனாலும் இன்ஜினை ஓடவிடுங்கள். ஓடினால் வோல்ட் 14 பக்கம் இருக்கும், நின்றால் 12.6 தொடங்கி இறங்கும், மோட்டாருக்கு அந்த வித்தியாசம் பெரிது. பல டிராக்டர்களில் டைனமோவே 36 ஆம்பியர் அளவுதான். ஐடிலில் அதில் பாதிகூட வராது. அதனால் கை ஆக்ஸிலேட்டரை 1200, 1500 ஆர்.பி.எம். வரை ஏற்றி வையுங்கள். இரவில் ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு பல்பும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் எடுக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் ஆள் இருக்கப் போவதால் கியர் நியூட்ரலில், பார்க்கிங் பிரேக் பூட்டி, டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் இரண்டு பக்கமும் கல் வைத்த பிறகுதான் மற்ற வேலை.

பொலிரோ மாதிரி பிக்கப்பில் இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு மின்சாரம் போகிறது, வருகிறது என்று அது கணக்கு வைக்கும். கம்ப்ரசரின் நெகட்டிவை அந்த முனையில் மாட்டினால் கணக்கு தப்பும். அதனால் பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடத்தில் மாட்டுங்கள்.

லாரிக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று நினைவில் வையுங்கள். உங்கள் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் கம்ப்ரசரை அதில் மாட்டினால் உடனே போய்விடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பதும் தவறு, நாளடைவில் ஒன்று காய்ந்து மற்றொன்று பொங்கும். உங்களுக்கு இதெல்லாம் தேவையும் இல்லை. ஏர் பிரேக் டேங்கில்தான் காற்று இருக்கிறதே. தொப்பூர் கணவாயில் ஏறும் முன் ஓரம் கட்டி அதிலிருந்தே டயருக்குப் பிடித்துக்கொள்கிற டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த பிறகு டேங்கில் அழுத்தம் முழுதாக ஏறும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

கேள்வியின் கடைசியில், வீட்டில் இருக்கும் ஒரு எச்.பி. கரண்ட் கம்ப்ரசரை இன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 750 வாட் மோட்டாருக்கு 12 வோல்ட் பக்கம் 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. டிராக்டர் டைனமோவுக்கும் சாதாரண இன்வெர்ட்டருக்கும் அது தாங்காது. வீட்டில் அந்தக் கம்ப்ரசரால் 20 லிட்டர் டேங்கை நிரப்பி எடுத்துப்போனாலும் முழு டயர் நிரம்பாது. 8 பாரிலிருந்து 5 பார் வரை (5 பார் என்றால் சுமார் 70 பி.எஸ்.ஐ.) இறங்கும்போது அது கொடுப்பது வெறும் 60 லிட்டர் காற்று. குறைந்த டயரைச் சரிசெய்ய மட்டும் ஆகும். நம் பக்கம் கிணறு வெட்ட வரும் கம்ப்ரசர் டிராக்டரைப் பார்த்து, நம் டிராக்டரும் அவ்வளவு காற்று கொடுக்குமே என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காற்று பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜினின் முழு சக்தியும் டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வழியாகப் போய்த்தான் அது ஓடுகிறது.

எல்லாம் சொன்ன பிறகும், ட்ரெய்லரிலேயே கம்ப்ரசரை வைத்துப் பூட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பேட்டரியிலிருந்தே பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தனித்தனியாக 16 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளில் கொண்டுபோங்கள். எர்த்துக்குக் கொக்கியை நம்பாதீர்கள். ஒரு சாண் தூரத்தில் அதே 40 ஆம்பியர் ஃபியூஸ். கொக்கி இடத்தில் ஆண்டர்சன் கனெக்டர், திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தொங்கல். ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருக்கும்போது டிராக்டர் பக்கத்து வாய்க்கு ரப்பர் மூடி.

டயரில் ஒட்டு வேலை முடிந்து காற்று ஏற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வீலில் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் வளையம்) இருந்தால் அது சரியாக உட்காராமல் பறந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. டியூபின் காற்று வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப் போட்டுவிட்டு, ரிங்குக்கு நேராக நிற்காமல் டயரின் ஓட்டுப்பரப்புப் பக்கம் தள்ளி நில்லுங்கள். நீளமான குழாய் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை ஓட்டும்போது மல்டிமீட்டரை கம்ப்ரசரின் முனையில் வைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது 13 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் வேலை சுத்தம். 12-க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஜாயின்டாகக் கை வைத்துப் பாருங்கள், எங்கே சுடுகிறதோ அந்த லக்கைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். வாங்கியது இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர், ஸ்டிக்கரில் 50, 60 ஆம்பியர் என்றால் மேலே சொன்ன கேபிள், கனெக்டர், ஃபியூஸ் அளவு எதுவும் பொருந்தாது. அப்படி இருந்தால் கேபிள் வாங்கும் முன் ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.